எதிர் வீட்டு அடுப்படியில் டவர்

சேலையூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு 4ஜி வருவதற்கு முன்பே என் கணவர் 4ஜி சிம் வாங்கிவிட்டார். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர், "சார், இனிமே வீடியோ சுத்திக்கிட்டே நிக்கிறதுன்னு ஒண்ணு கிடையாது" என்று சொல்லி எங்கள் இருவர் சிம்மையும் ஒரே மூச்சில் மாற்றிக் கொடுத்தார். ஸ்டேஷன் வாசலில் நின்று பார்த்தபோது போனில் 4ஜி என்ற எழுத்து பளிச்சென்று இருந்தது. அதை அவர் என்னிடம் காட்டினார். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கும் காட்டினார். எங்கள் தெரு முனையில் சிக்னல் இரண்டு கோடு மிஞ்சியது. மாடிப்படியில் ஒன்று. இரண்டாவது மாடியில் நான் வீட்டுக் கதவைத் திறந்தபோது அதுவும் போய்விட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் போன்கள் இருந்தும் ஒன்றும் இல்லாத நிலை. பழைய சிம்மில் பேசவாவது முடிந்தது. இப்போது கோபுரங்களில் ஏதோ மாற்றிக்கொண்டிருந்தார்கள். பழையது போயிற்று, புதியது எங்கள் தெருவரை வந்து சேரவில்லை. என் கணவர் அலுவலகத்தில் ஒரு பிரிவுக்கே மேலாளர். வீட்டில் போனை ஆரத்தித் தட்டு போல ஏந்திக்கொண்டு அறை அறையாக நடந்தார். பரண்மேல் வைத்துப் பார்த்தார். நான் குளித்துவிட்டு வந்ததும் குளியலறை ஜன்னலிலும் வைத்துப் பார்க்கக் காத்திருந்தார்.

புகார் சொல்வதென்றால் கீழே இறங்கி, தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒருநாள் நானும் கூடப் போனேன். சேவை மையத்துப் பெண் மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"சார், இப்ப சிக்னல் எப்படி இருக்குது?"

"இங்க நல்லாத்தாம்மா இருக்கு. வீட்லதான் இல்ல."

"அப்போ வீட்டுக்குள்ள போய் அங்கிருந்து கால் பண்ணுங்க சார். நாங்க செக் பண்றோம்."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற கம்பெனிக்கு மாறிடலாங்க. நம்பர்கூட மாறாதாம்" என்றேன்.

"நம்பர் மாறாது. மனுஷன் மாறலாமா?" என்றார். அந்தக் கம்பெனிக்காரர்கள் இதைக் கேட்டிருந்தால் அழுதிருப்பார்கள்.

டவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தது நான்தான், அதுவும் தற்செயலாக. எங்களுக்கு எதிர் வீட்டில் இருப்பவர்கள் ஒரு முஸ்லிம் குடும்பம். வீட்டுக்காரர் கேம்ப் ரோட்டில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். கட்டடம் முழுக்க அவரை பாய் என்றுதான் கூப்பிடும். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். நான் பள்ளியில் கணக்கு நடத்துவதால் அவர் என்னை டீச்சர் என்பார். ஒருநாள் மாலை கறிவேப்பிலை கேட்டு அவர் அடுப்படிக்குப் போனேன். கையில் போன் இருந்தது. ஃபிரிட்ஜைத் தாண்டி ஜன்னல் பக்கம் போனதும் போன் பைத்தியம் பிடித்ததுபோல டிங் டிங் என்று அலற ஆரம்பித்தது. பல நாள் செய்திகள் ஒரே நேரத்தில் வந்து கொட்டின. பள்ளி குரூப்பில் முடிந்துபோன கூட்டத்துக்கு அழைப்பு, தண்ணீர் லாரி வராது என்ற அறிவிப்பு, வந்துவிட்டது என்ற அறிவிப்பு, என் தங்கை மகனின் பிறந்தநாள் கேக்.

"இன்னா டீச்சர், போன் வெடிக்கப் போவுதா?" என்று அக்கா கரண்டியோடு பின்னால் நகர்ந்தார்.

அந்த ஜன்னலுக்கு நேராக மேடவாக்கம் பக்கத்தில் எங்கோ ஒரு கோபுரம் இருந்திருக்க வேண்டும். அவர் வீட்டிலேயே கூடத்தில் கிடையாது, படுக்கையறையில் கிடையாது. அடுப்பு மேடைக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடத்தில் மட்டும் முழுக் கோடு.

முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. விஷயம் மேலும் கீழும் பரவியது. மூன்றாவது மாடியில் இருந்த ஐ.டி. கம்பெனிக்காரர், அப்போதே வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், காதில் ஹெட்செட்டோடு வந்து நின்றார். அக்காவுக்கு யாரும் சும்மா நிற்பது பிடிக்காது.

"நிக்கத்தானே போறீங்க தம்பி, இந்தப் பூண்டை உரிச்சுக்கினே நில்லுங்க" என்று ஒரு தட்டை நீட்டினார்.

அவர் வெளிநாட்டுக்காரர்களோடு மீட்டிங்கில் இருந்தபடியே பூண்டு உரித்தார். நடுநடுவே மைக்கை அணைத்துவிட்டு, "அக்கா, தோல் வரல" என்பார். "தண்ணியில போட்டு எடுங்க" என்று பதில் வரும். மைக்கைத் திறந்து மறுபடி இங்கிலீஷில் ஏதோ ஒப்புக்கொள்வார்.

இந்த நிலையில்தான் எங்கள் மகளுக்கு ஒரு வரன் வந்தது. அவள் துரைப்பாக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் இன்ஜினியர், வீடு படப்பையில். எங்கள் சர்ச் ஆயரின் மனைவி, ஆயரம்மாதான் இரு வீட்டாருக்கும் நடுவில் இருந்தார். ஓர் ஆராதனை முடிந்ததும் என்னை ஓரமாக அழைத்துப்போனார்.

"பையனோட அம்மா உங்களுக்குப் பல தடவ போன் போட்டாங்களாம். ஒவ்வொரு தடவயும் தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு வருதாம். பொண்ணு வீட்டுக்காரங்க ரொம்பப் பெரிய இடமோன்னு கேக்குறாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் டவர் இல்லாததை அந்த நல்ல சம்பந்தத்துக்காரர்கள் ஆணவம் என்று எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? அடுத்த ஞாயிறு மதியம் நாங்களே கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினேன். எங்கிருந்து கூப்பிடுவோம் என்பதைச் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் எதிர் வீட்டில் பிரியாணி. என் கணவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்துகொண்டார்.

"போன்ல சட்டை தெரியுமா?" என்றேன்.

"குரல்ல தெரியும்" என்றார்.

மகள் வரவே மாட்டேன் என்றுவிட்டாள். நாங்கள் இருவரும் ஃபிரிட்ஜுக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவே ஒட்டி நின்றோம். பிரியாணிப் பாத்திரமான தேக்சாவின் மூடிமேல் ஒரு குழவிக்கல்லை ஏற்றிவைத்து அக்கா தம் போட்டிருந்தார். ஸ்பீக்கரைப் போட்டு என் கணவர் அழைத்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"ஸ்தோத்திரங்க. ஒருவழியா கிடைச்சீங்களே" என்றார் பையனின் அம்மா. குரலில் கொஞ்சம் குத்தல் இருந்தது.

என் கணவர் படிப்பைச் சொன்னார், வேலையைச் சொன்னார், குடும்பத்தைச் சொன்னார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது பாய் தொழுகை முடித்து வந்து, பசி தாங்காமல் தேக்சா மூடியை லேசாகத் தூக்கப் பார்த்தார்.

"கைய எடுங்க! தம் உடையுறதுக்குள்ள தொட்டீங்கன்னா இன்னிக்கு சோறு கிடையாது!" என்று அக்கா போட்ட சத்தத்தில் ஃபிரிட்ஜ் மேலிருந்த பொம்மை ஆடியது.

பிறகு பையனின் அம்மா நிதானமாகக் கேட்டார்.

"பொண்ணுக்குச் சமைக்க வருமாங்க?"

என் கணவர் தொண்டையைச் செருமினார். எங்கள் மகளுக்கு வெந்நீரும் நூடுல்ஸும் வரும். அதை எப்படி அழகாகச் சொல்வது என்று அவர் யோசிப்பதற்குள், பக்கத்தில் நின்ற அக்கா தன்னைத்தான் கேட்டதுபோல் பதில் சொல்லிவிட்டார்.

"வராதுங்க. உங்க புள்ளைக்கு வருமா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. என் கணவர் போனைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "ஹலோ? ஹலோ?" என்றார். கோடுகள் எல்லாம் முழுதாக இருந்தன. அன்று மட்டும் டவர் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

"ரசம் நல்லா வைப்பான்" என்றது போன். சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்த குரல். "முட்டையும் பொரிப்பான். ஆமா, அங்க என்ன, பிரியாணியா? அரிசி எது போடுறீங்க?"

"சீரகச் சம்பாதான். பாஸ்மதியெல்லாம் பாக்கத்தான் அழகு."

"அப்படிச் சொல்லுங்க! என் வீட்ல யாரும் கேக்க மாட்டேங்குறாங்க. எனக்குக் குழைஞ்சுபோயிடுதே, தண்ணி எவ்ளோ வைக்கிறீங்க?"

அதன் பிறகு எங்களுக்கு வேலை இல்லை. தண்ணீர் அளவு, தயிர், எலுமிச்சை, எந்தக் கடையில் கறி என்று இரண்டு பெண்களும் பேசிக்கொண்டே போனார்கள். நானும் என் கணவரும் பாயும் தேக்சாவைப் பார்த்தபடி நின்றோம். கடைசியில், "அடுத்த ஞாயிறு பொண்ணப் பாக்க வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் பையனின் அம்மா போனை வைத்தார்.

"நாம எப்பப் பேசறது?" என்றார் என் கணவர்.

சொன்னபடியே வந்தார்கள். பையன் ஒல்லியாக, பயந்த முகமாக இருந்தான். அவன் அப்பா சாந்தமானவர். நான் வரவேற்று, உட்காரச் சொல்லி, காபி கொண்டுவந்தேன். பையனின் அம்மா நான் பேசுவதைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார். பிறகு என் கணவரைப் பார்த்துத் தயங்கிக் கேட்டார்.

"போன்ல பேசினாங்களே, அவங்க எங்க?"

அப்போதுதான் புரிந்தது. அந்தக் குரல்தான் பெண்ணின் அம்மா என்று நினைத்துக்கொண்டு, அந்த அம்மாவை நம்பித்தான் படப்பையிலிருந்து கிளம்பி வந்திருக்கிறார். என் கணவர் உண்மையைச் சொன்னார். டவர் இல்லாததையும், ஜன்னலையும், ஃபிரிட்ஜையும் வரிசையாக விளக்கினார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். "கூப்பிடுங்க அவங்கள" என்றார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. பெற்றவள் நான், கேள்விகள் எல்லாம் அவருக்குப் போயின.

மகளையும் பையனையும் உள்ளறையில் பேசச் சொல்லி அனுப்பினோம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களோ என்று எனக்குக் கவலை. ஆனால் அந்த அறையில் எந்தக் கம்பெனி போனும் வேலை செய்யாது. பேசுவதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. வெகுநேரம் கழித்து இருவரும் சிரித்த முகமாக வெளியே வந்தார்கள். அவன் கேட்ட முதல் கேள்வி, "போன்ல பேசின ஆன்ட்டி எப்பவும் அவ்ளோ கோவமாவா பேசுவாங்க?" என்பதாம். "அவங்களாவது பரவாயில்ல. எங்க அம்மா கணக்கு டீச்சர், இன்னும் மோசம்" என்றாளாம் என் மகள். அதையும் கேட்டுவிட்டுச் சம்மதித்தவன் அவன்.

கல்யாணம் எங்கள் சர்ச்சில் நடந்தது. விருந்துக்குப் பிரியாணி. சமையல்காரரிடம் அரிசி பற்றிப் பேசும் பொறுப்பை அக்காவும் சம்பந்தியம்மாவும் எடுத்துக்கொண்டார்கள். அந்த மனிதர் இரண்டு நாள் போனை அணைத்து வைத்திருந்ததாகக் கேள்வி.

கல்யாணம் முடிந்த சில வாரங்களில் பின் தெருவில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் புதுக் கோபுரம் எழுந்தது. ஒரு காலை, நான் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. எங்கள் வீட்டுக்குள், அதுவும் சோபாவில் வைத்து. என் கணவர் எழுந்தே நின்றுவிட்டார். அழைத்தது மகள். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கேட்டாள். அன்று மாப்பிள்ளை ஊரில் இல்லையாம், தானே வைத்துப் பார்க்கப் போகிறாளாம்.

நான் பதில் சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டி, கதவைத் திறந்து, எதிர் வீட்டுக்குள் நுழைந்து ஃபிரிட்ஜ் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது.

"யாரு டீச்சர், பாப்பாவா?" என்று கேட்ட அக்கா, நான் வாய் திறப்பதற்குள் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். "புளியை அப்புறம் கரைச்சுக்கலாம் கண்ணு. மொதல்ல அடுப்பைச் சின்னதா வை" என்றார்.