இத்தாவில் எழுதிய பரீட்சை

என் கணவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தங்கிப் படித்துப் பட்டம் பெற்றவர். நான் சாய்ந்தமருதில் அடுப்படியில் இருந்தபடியே வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்தேன். எனக்கு விரிவுரையும் இல்லை, விடுதியும் இல்லை; பரீட்சை மட்டும்தான். "வீட்டில இருந்து படிக்கிறதும் ஒரு பட்டமா?" என்பார் கணவரின் உம்மாவான என் மாமி.

எண்பதுகளின் தொடக்கத்தில், இறுதிப் பரீட்சை நெருங்கிய நேரம், கணவர் மாரடைப்பில் மவுத்தானார். வெள்ளை உடுத்து இத்தாவில் அமர்ந்தேன். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கவேண்டும். தேவையென்றால் பகலில் போய் அந்தி மஃரிப் தொழுகைக்கு முன் திரும்பலாம் என்று மௌலவி சொன்னார். ஆனாலும் ஊர் வாய்க்குப் பயந்து என் உம்மா சம்மதிக்கவில்லை. நானும் புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டேன்.

பரீட்சை தொடங்கும் நாள், விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு மாமி வந்து நின்றார். எதற்கும் ஒருமுறை தடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"வெளிக்கிடு புள்ள. மட்டக்களப்பு பஸ் வரப்போகுது."

"ஊர் கதைக்குமே மாமி."

"மவுத்தானவன்ட உம்மா பக்கத்தில இருந்தா ஆரு கதைக்கப் போறாங்க?"

பரீட்சை முடியும்வரை மாமி மண்டப வாசலில் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருந்தார். பரீட்சை நடந்த எல்லா நாளும் அப்படித்தான்.

பட்டச் சான்றிதழ் வந்ததும் முதலில் மாமியின் கையில்தான் கொடுத்தேன். வாசிக்கத் தெரியாத அவர் எழுத்துகளை விரலால் தடவினார்.

"என்ட மகன்ட பேரும் இதில இருக்கா?"

அதில் என் பெயரும் என்னைப் பெற்ற வாப்பாவின் பெயரும்தான் இருந்தன.

"ஓம் மாமி," என்றேன்.

அதைப் பொய் என்று இன்றுவரை என்னால் நினைக்க முடியவில்லை.