முனியப்பனை மேலே வைத்து அப்பா போட்ட படம்

இதை எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைப்பேன். பேனாவை எடுத்ததும் கீழே வைத்துவிடுவேன். என் அப்பா செய்த ஒரு தப்பைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. பெற்றவரின் தப்பை மகளே எழுதலாமா என்ற தயக்கம்தான். அவர் இப்போது இல்லை. முனியப்பனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதிவிடுகிறேன். ஆறாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு கரட்டின், அதாவது சின்னக் குன்றின், வடக்கு அடிவாரத்தில் எங்கள் வீடு. ஏழெட்டு ஓலைக் கொட்டகை, வைக்கோல் போர், மாடுகள், அவ்வளவுதான் ஊர். தெற்கு அடிவாரத்தில் முனியப்பன் கோயில், அதற்கப்பால் வறண்ட ஏரி. அப்பா வனத்துறையில் தற்காலிகக் காவலர். தீக்காலம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும்; அடுத்த வருடம் கூப்பிடுவதும் விடுவதும் ரேஞ்சர் கையில்.

பங்குனியில் கோயிலில் பொங்கல் வைப்பார்கள். அடுப்புப் பொறி காய்ந்த புல்லில் விழுந்தால் கரடு முழுக்க எரிந்துபோகும். அதனால் மாசியிலேயே கோயிலுக்கு மேலே இருக்கும் புல்லை ஒரு பட்டையாக நாமே எரித்துவிட வேண்டும். எரிந்த இடத்தில் மறுபடி தீ ஓடாது. மாசிக் காலையில் காற்று வடக்கிலிருந்து வரும்; கோயில் பக்கம் வைத்த தீயைக் கரட்டில் ஏற விடாமல் ஏரிப் பக்கமாகக் கீழே தள்ளும்.

அந்த வருடம் புதிதாக வந்த ரேஞ்சர், கரட்டைப் படமாகப் போட்டுத் தரும்படி அப்பாவிடம் கேட்டார். அப்பா மூன்று நாள் நடந்தார். பாறை, ஓடை, புல்காடு எல்லாம் காலடியால் அளந்து, என் நோட்டில் கிழித்த தாளில் பென்சிலால் போட்டார். கோயிலைத் தாளின் உச்சியில் வைத்தார், எங்கள் வீடுகளைக் கீழே வைத்தார். சாமியைக் கீழே போட்டு நம் வீட்டை அதற்கு மேலே போட யாருக்குக் கை வரும்? திசை எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

படத்தில் மேலே இருப்பது வடக்கு என்பது படித்தவர்கள் வழக்கமாம். ரேஞ்சர் தாளின் உச்சியில் சிவப்பு மையால் ‘வ’ என்று எழுதி, கோயில் பட்டையைக் கட்டம் கட்டி, வடக்கு அடிவாரத்தில் தீ வைக்கவும் என்று உத்தரவும் எழுதிவிட்டார்.

குறித்த நாளில் அப்பா விடியலிலேயே கோயிலுக்குப் போய்க் காத்திருந்தார். ரேஞ்சரோ பந்தமும் பச்சைத் தழையுமாகப் பத்து ஆட்களோடு எங்கள் கொட்டகைக்குப் பின்னால் வந்து நின்றார். அம்மா சாணிக் கையோடு ஓடினார்.

“ஏனுங்க, இங்கயா தீ வெக்கறீங்க? மாடு கட்டியிருக்குதுங்க!”

“ரேஞ்சர் சொன்னா ஆகாசத்துக்கே வெப்போமுங்கக்கா. உங்க ஊடு எம்மாத்தரம்?” என்று ஓர் ஆள் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. பந்தம் பிடித்தவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். “இங்க கோயில்தானே இருக்கணும்?” என்று ரேஞ்சர் குழம்பிப்போய்த் தாளை விரித்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

“எங்கப்பா சாமியத் தாளுக்கு மேல போட்டுட்டாருங்க சார். கோயிலு அந்தப் பக்கம், தெக்கால இருக்குதுங்க.”

பந்தத்தை அணைக்கச் சொன்னார் ரேஞ்சர். ஒருவர் சைக்கிளில் போய் அப்பாவைக் கூட்டி வந்தார். பத்துப் பேரும் சூழ்ந்து நின்றார்கள்.

“படம் போட்டது நீதானே? தெற்கை எதுக்குய்யா மேல போட்டே?”

“சாமியக் காலடியில போடறதுங்களா சார்? தெச எழுதாம உட்டது எந் தப்புத்தானுங்க.”

“முனியப்பனே எந்திரிச்சு வடக்கால வந்துட்டாருடோய்!” என்று கூட்டத்தில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தச் சிவப்பு ‘வ’ ரேஞ்சர் எழுதியது. அப்பாவிடம் இருந்தது பென்சில்தான். சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் தோளை அழுத்தினார்.

“சும்மா இரு சாமி.” என்னைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்.

ரேஞ்சர் தாளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பேனாவை எடுத்து ‘வ’வை அடித்துவிட்டுத் தாளின் அடியில் எழுதினார். “நடங்க” என்றார்.

கோயில் பக்கம் அப்பா ஒரு பிடி மண்ணை உயரத் தூவிக் காற்றுப் பார்த்தார். ரேஞ்சர் கையசைத்ததும் பட்டையின் மேல் ஓரத்தில் தீ வைத்தார்கள். பாதி எரியும்போது காற்று சட்டென்று சுழன்றது. “எல்லாரும் பின்னால வாங்க!” என்று ரேஞ்சர் கத்தினார். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. பத்துப் பேரும் ஒரே பாய்ச்சலில் விலகினார்கள். அவர்கள் நின்ற இடத்தைத் தீ நக்கிவிட்டுப் போனது. பிறகு காற்று பழையபடி திரும்பியது. மதியத்துக்குள் பட்டை முழுக்கக் கறுப்பாகிவிட்டது.

பங்குனியில் ஒரு பொங்கல் அடுப்புத் தீ புல்லைப் பிடித்து மேலே ஓடியது. கறுப்புப் பட்டை வரைக்கும் வந்து அப்படியே செத்துவிட்டது. முனியப்பன் காத்தார் என்று ஊரே கையெடுத்தது. நானும் கையெடுத்தேன். ஆனாலும் அந்தப் பட்டை என் அப்பா காலடியால் அளந்து போட்டது. அடுத்த தீக்காலத்துக்கும் அவரைக் கூப்பிட்டார்கள்.

அப்போது நான் நாலாவது படித்தேன். அப்பா ரேஞ்சருக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்து, பத்து நாள் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. தீக்கு முன்னால் நிற்கப் போகிற ஆட்கள் உத்தரவு போடுபவரைப் பார்த்துச் சிரித்துவிட்டால், அவர் கத்தும்போது ஒரு கணம் யோசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று அந்தச் சிரிப்பை அப்பா தன் மேல் வாங்கிக்கொண்டார்.

எங்கள் சொந்தத்தில் இப்போது, ரேஞ்சர் தப்புச் செய்தார், அப்பா திருத்தினார் என்று மாற்றிச் சொல்கிறார்கள். படிக்கிறவர்கள் உங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னால் நடந்தபடியே சொல்லுங்கள். திசை எழுதாமல் விட்டது என் அப்பாதான். அந்தத் தப்பை எடுத்துவிட்டால், பத்துப் பேர் முன்னால் அதை ஒத்துக்கொண்டதும் போய்விடும்; அவர் செய்ததில் ஒன்றும் மிஞ்சாது.