நாற்காலிக்கு அடியில் என் பெயர்

என் அண்ணனை எனக்குப் பிடிக்காது. கோமுகி அணைத் தண்ணீர் பாயும் கரும்புக் கொல்லை முழுவதையும் அப்பா அவன் பெயருக்கு எழுதிவைத்தார். எனக்குக் கல்யாணச் சீராக வந்தவை ஆறு பழைய சாப்பாட்டு நாற்காலிகளும் பாத்திரங்களும். வெள்ளிமலை பங்களாவைக் காலி செய்த வெள்ளைக்காரனிடம் அப்பா ஏலத்தில் எடுத்த நாற்காலிகள் அவை. லண்டனில் பேர்போன பட்டறையின் வேலை என்பார். "கொல்ல எதுக்கு உனுக்கு? சேருல உக்காந்துக்கினு சாப்டு" என்றான் அண்ணன். பாவி!

அப்பா சொன்னது நிஜமென்றால் எனக்கும் ஏதோ கொடுத்தார் என்று மனசு ஆறும். பொய்யென்றால் அவரும் என்னை ஏமாற்றியவர்தான். அப்பா போன பிறகு இதைத் தெரிந்துகொள்ளப் புதுச்சேரியிலிருந்து பழைய மரச்சாமான் பார்க்கிறவரைக் கள்ளக்குறிச்சிக்கு வரவழைத்தேன். அண்ணனும் காதால் கேட்கட்டும் என்று அவனையும் கூப்பிட்டேன்.

வந்தவர் முதுகுச் சட்டத்தைத் தடவினார், கால் கடைசலைப் பார்த்தார், மூட்டுகளை ஆட்டினார். "இங்கிலீஷ் வேலைதாங்க, சந்தேகமே இல்ல. ஆனா யார் செஞ்சதுன்னு வடிவத்த வச்சி சொல்ல முடியாதுங்க. ஒருத்தர் செஞ்சத பாத்து பத்துப் பேர் செஞ்சாங்க. அடியில பட்டறை முத்திரை இருக்கணும்" என்று நாற்காலியைக் கவிழ்த்தார்.

பின்சட்டத்தில் உளியால் செதுக்கிய பள்ளம். அதற்குள் இரண்டு தமிழ் எழுத்துகள். ஆறிலும் அப்படியே.

"முத்திரை இருந்த எடம் இதாங்க. யாரோ எடுத்துட்டாங்க. இனிமே யாராலயும் சொல்ல முடியாது. இது யார் எழுத்து?"

என் பெயரின் எழுத்துகள். என் சீர்ப் பாத்திரங்களில் வெட்டியிருக்கும் அதே எழுத்து.

"நான்தான் செதுக்குனேன்" என்றான் அண்ணன், கொஞ்சமும் கூசாமல். "சீர் சாமான்ல வேற எவன் பேரோ இருந்தா உன் மாமியார் வூட்ல இன்னா சொல்லுவாங்க? எவன் வூட்டு சாமானையோ தூக்கினு வந்து குடுத்தாங்கன்னு பேச மாட்டாங்க? அதான் அத எடுத்துட்டு உன் பேர வெட்டினேன். நல்லதுதான பண்ணேன்?"

பேசியிருப்பார்கள்தான். எங்கள் பக்கத்தில் சாமானுக்கு அடியில் இருப்பது உடையவர் பெயர். செய்தவன் பெயரை எவன் போடுகிறான்? அவன் சொன்னது நியாயம் என்பதே எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"பத்தரத்துல என் பேர எழுத யாருக்கும் கை வரல" என்றேன். "சேருக்கு அடியில வெட்ட மட்டும் உனுக்கு வந்துச்சா?"