ஆபரேஷன் முடிஞ்ச பிள்ளையை நரி விரட்டுன கதை

என் மகனுக்கு ஆறு மாசத்துல குடலிறக்கம். அழுதா அடிவயித்துக்குக் கீழ எலுமிச்சங்காய் கணக்கா பொடைச்சுக்கிட்டு வரும். திண்டுக்கல்ல ஒரு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணினோம். நல்லபடியா முடிஞ்சுது. வினை அதுக்கப்புறம் வந்துச்சு.

மயக்க டாக்டர் வார்டுக்கே வந்து சொன்னார்: "தையல் வலி தெரியாம இருக்க மரத்துப்போற ஊசி போட்டிருக்கோம். பச்சப்பிள்ளைக்கு ஈரல் இன்னும் சரியா வேலை பழகல, மருந்தை மெதுவாத்தான் கழிக்கும். ரத்தத்துல அளவு கூடிட்டா ஆபத்து. ரொம்ப சொணங்கினாலோ வாய் துடிச்சாலோ உடனே கூப்பிடுங்க." சுத்தி நின்ன அம்புட்டுப் பேரும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினோம். அவர் அங்கிட்டுப் போனதும் காப்பி வாங்குறதைப் பத்திப் பேச்சு வந்துருச்சு.

எங்க பக்கம் ஆஸ்பத்திரியில கிடக்கிற ஆளைப் போய்ப் பாக்காட்டி சாகுற வரைக்கும் பேச்சு வாங்கணும். அதனால எங்க ஊரு குஜிலியம்பாறையில இருந்து சொந்தக்காரங்க வேன் வச்சு வந்துட்டாங்க. ஒரு பெரியப்பா ஆயக்குடிக் கொய்யாவைப் பை நிறையக் கொண்டாந்தார், பல்லே முளைக்காத நோயாளிக்கு! அதையும் வந்தவுகளே தின்னு தீத்தாங்க.

பிள்ளை தூங்கிக்கிட்டு இருந்தான். உதட்டோரம் லேசா இழுத்துச்சு. "ஐயோ, அப்புவுக்கு நரி காட்டுது பாரு!"ன்னு ஒரு சித்தி கூவினாங்க. பச்சப்பிள்ளை தூக்கத்துல சிரிச்சாலோ உதட்டைப் பிதுக்கினாலோ கனவுல நரி வந்து வெரட்டுதும்பாங்க எங்க சனம். வேன்ல வந்த கூட்டம் மொத்தமும் கட்டிலைச் சுத்திக்கிச்சு. செல்லுல படம் வேற. நானும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன்.

சிரிப்புன்னா வந்துட்டுப் போகும். இது போகல. ஒரே பக்கம், விடாம இழுத்துச்சு. தொட்டேன், முழிக்கல.

"செத்த நேரம் சும்மா இருத்தா, எழுப்பிவிடாத"ன்னாங்க சித்தி.

"நரியுமில்ல நாயுமில்ல! தள்ளித் தொலைங்க எல்லாரும்!" நான் போட்ட கூச்சல்ல ரெண்டு வார்டு தாண்டி நர்ஸ் ஓடியாந்துச்சு. அதுக்குள்ள பிள்ளைக்கு கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பிச்சுருச்சு.

டாக்டர் வந்தார். மூக்குல வாயில ஆக்ஸிஜனை வச்சு, வலிப்புக்கு ஊசி போட்டுக்கிட்டே கேட்டார்: "நாங்க போட்ட அளவு சரிதான். நீங்க வேற எதுவும் குடுத்தீங்களா?"

"தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு இல்ல சார்"னு சத்தியமே பண்ணினேன்.

"நான் தடவுனேன் சார்."

மதினி. என் வீட்டுக்காரரோட அக்கா. எனக்கும் அவங்களுக்கும் கல்யாணத்தன்னையில இருந்தே ஆகாது. இடுப்புச் சுருக்குப்பையில இருந்து ஒரு ட்யூபை எடுத்து நீட்டினாங்க. அவங்க பல்வலிக்குத் தடவுற, மரத்துப்போற ஜெல். பல்லு மொளைக்கிற ஈறு அரிக்குதுன்னு நெனைச்சு, பிள்ளை அழுதப்பல்லாம் தடவியிருக்காங்க. அத்தனை சொந்தக்காரங்களும் அவங்களையே பாத்தாங்க. எனக்குக் கழுத்தை நெரிச்சுப் போடணும்னு வந்துச்சு, உள்ளதைச் சொல்றேன்.

டாக்டர் ட்யூபைப் படிச்சுப் பாத்தார். "அதே ஜாதி மருந்து. ரெண்டும் சேந்துருச்சு"ன்னுட்டு ஏதோ கொண்டாரச் சொன்னார். பால் மாதிரி வெள்ளையா ஒரு மருந்து நரம்புல ஏறுச்சு. கொழுப்பாம், ரத்தத்துல இருக்கிற அந்த மருந்தை இழுத்து வச்சுக்குமாம். கும்பிடாத சாமி இல்ல. சாயங்காலம் பய கண்ணைத் தொறந்து, ஆஸ்பத்திரியே அதிர அழுதான்.

"அவங்க சொல்லலேன்னா நாங்க வேற காரணம் தேடிக்கிட்டு நின்னிருப்போம்"னார் டாக்டர்.

மறுநாள் ஐ.சி.யூ.வுல இருந்து திரும்ப வார்டுக்கு மாத்துனாங்க. மதினி கோடியில ஒரு பெஞ்சுல கையைச் சேலைக்குள்ள ஒளிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. கூடப்பொறந்த தம்பியே மூஞ்சி குடுத்துப் பேசல. அவங்களைத் திட்டுறதுக்குன்னு மனசுக்குள்ள நான் வண்டி வண்டியாச் சேத்து வச்சிருந்தேன். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நேரா போனேன்.

"மதினி, இவனைச் செத்தப் பிடிங்க. ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு நிக்குது."

"நானா, ஆத்தா?"

"வேற யாரு இருக்கா? கையைக் கழுவிட்டு வாங்க."

போனாங்க. குழாயில தண்ணி ஓடுற சத்தம் நிக்கவே இல்ல. ஊடே மூக்கு உறிஞ்சுற சத்தமும் கேட்டுச்சு. பிள்ளையைத் தூக்கி வச்சுக்கிட்டு, ஒண்ணுக்கை அடக்கிக்கிட்டு பாத்ரூம் வாசல்லயே நின்னேன்.