பட்டன் கத்தி

குரங்கணி மேட்டில் அம்மா கூலிக்குக் காய் உலர்த்திய ஏலக்காய் ஸ்டோர் இருந்த இடத்தில் இப்போது தங்கும் விடுதி. மழையில் ஜீப்பை விட்டு இறங்கிய எனக்காக, அதை நடத்தும் பழைய கங்காணியின் மகன் பட்டன் குடையை விரித்தான். அந்த ‘டக்’கில் ஓரடி பின்வாங்கினேன். ஈரச்சாக்கும் புகையும் பச்சைக்காய் வாசமுமாகக் கிடந்த ஸ்டோருக்குள் அவன் அப்பன் யாரையும் கீறியதில்லை; எதிர்த்துப் பேச வாயெடுத்த பெண்களின் முன்னால் பட்டன் கத்தியை அமுக்குவான், அந்தச் சத்தமே போதும்.

“தொறக்கத்தான்டி ஸ்பிரிங்கு. மடக்க ரெண்டு கையும் வேணும், அப்பப் பேசணும்” என்பாள் அம்மா. அவன் மடக்கும்போதுதான் ஏசுவாள்.

“வாங்கக்கா” என்றபடி வாசலில் மகன் இரு கையாலும் குடையை மடக்கினான்.

“ஒங்கப்பன் செத்துத் தொலஞ்சானா, இல்ல இன்னும் கெடக்கானா?” என்றேன்.