பெரிய பம்பு, சின்ன எஞ்சின்

பேக்கரி அடுப்புகளுக்கு விறகு போடும் அவளுக்குத் தெரு வைத்த பெயர் கோடாலி. இருபது வருஷமாகத் தன் கையாலேயே பிளந்து போட்டவள். நாக்கும் அதே கூர்மை. வலது தோளைத் தூக்க முடியாமல் போனபோதுதான், தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற கணவர் விறகு பிளக்கும் மெஷின் செய்கிறேன் என்று கிளம்பினார். கூடவே வரிந்து கட்டிக்கொண்டு வந்தார் அவளுடைய அண்ணன், ஃபேன் ரிப்பேர் கடைக்காரர்.

இரும்பு உத்தரத்தின் மேல் ஓடும்படி வெல்டிங் பட்டறையில் ஆப்பு செய்தாயிற்று. ஆப்பைத் தள்ள, மண் அள்ளும் பழைய லோடரில் கழற்றிய சிலிண்டர் கிடைத்தது. தண்ணீர் இறைத்த எஞ்சின் ஒன்று கொட்டகையில் கிடந்தது, ஆறரைக் குதிரைச் சக்தி. எண்ணெயை அழுத்திச் சிலிண்டரைத் தள்ளும் பம்புதான் பாக்கி.

"எடுக்கறதைப் பெருசா எடுங்க மச்சான். பெரிய பம்புன்னா பெரிய பலம்," என்றார் அண்ணன்.

"எஞ்சின் தாங்குமான்னு கேட்டீங்களாண்ணே?"

"நீ சும்மா இரும்மா. இதெல்லாம் மெஷின் சமாச்சாரம்."

மறுநாள் பூசணிக்காய் அளவில் பம்பு வந்து இறங்கியது. அவள் ஒரு கட்டையை வைத்தாள். ஆப்பு ஓடிவந்து மரத்தைத் தொட்டது. எஞ்சின் இருமி அணைந்தது. நான்கு கட்டை, நான்கு இருமல். எண்ணெயின் அழுத்தத்தைக் குறைக்க அண்ணன் வால்வைத் தளர்த்தினார். இப்போது எஞ்சின் அணையவில்லை. ஆப்பு மரத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டு அப்படியே நின்றது.

"மரம் ஈரம்," என்றார் கணவர்.

"கணு ஜாஸ்தி," என்றார் அண்ணன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! இதே ஈர மரத்தைத்தான் நான் இத்தனை வருஷமா பொளந்தேன். ரெண்டு ஆம்பளை, ஒரு மெஷின், ஒரு சிராய்கூட விழல."

அன்று மத்தியானமே எஞ்சின் தகட்டில் பொறித்திருந்த சக்தியையும் சிலிண்டரின் விட்டத்தையும் ஒரு பழைய உறையில் எழுதிக்கொண்டு, பம்பைத் தள்ளுவண்டியில் ஏற்றி, அதை வாங்கிய கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"சார் வரலீங்களா?"

"சார் மரத்தைத் திட்டிக்கிட்டிருக்காரு. நான் சொல்றதைக் கேளுங்க. ஆப்பு சும்மா ஓடி வர்றப்போ வேகம் வேணும், பலம் வேண்டாம். கணுவில இறங்கறப்போ பலம் வேணும், வேகம் போனாப் போவுது. அப்படி ஒரு பம்பு இருக்கா?"

"இருக்கே! ரெண்டு கட்டமா வேலை செய்யற பம்பு. வெறுமனே ஓடினா எண்ணெயை நிறையத் தள்ளும். மரம் தடுத்தா, தானா அளவைக் குறைச்சு அழுத்தத்தைக் கூட்டிக்கும். உங்க எஞ்சினுக்குச் சின்ன சைஸே போதும்."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"பெருசு எதுன்னுதாம்மா கேட்டாங்க."

மாற்றி வாங்கிவந்தாள். கணவர் குழாய்களை ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் பூட்டினார். அந்த மட்டுக்கும் வேலை சுத்தம் என்று அவள் மனசுக்குள் ஒப்புக்கொண்டாள். இருப்பதிலேயே முரட்டுக் கட்டையை உருட்டி வைத்தாள். எஞ்சினின் குரல் தாழ்ந்தது, அணையவில்லை. ஆப்பு மெதுவாக, மெதுவாக இறங்கி, கட்டை இரண்டாக விழுந்தது. தோளைத் தடவியபடி அவள் இரண்டு துண்டுகளையும் காலால் ஓரமாகத் தள்ளினாள். அண்ணன் எப்போது நழுவினார் என்று யாரும் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு வந்த பேக்கரிக்காரரிடம், "கணக்குப் போட்டு எடுத்த பம்பு," என்றார் கணவர்.

"ஆமா. எங்க வீட்ல கணக்கு இவர் போடுவாரு. விடை மட்டும் நான் கொண்டுவரணும்."

பேக்கரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கணவரும் அசடு வழியச் சிரித்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு கட்டையைத் தானே தூக்கி வைத்தார்.