அப்பாசாமி மாமாவின் சூட்டுப்பெட்டி

“காத்துப் பட்டா கண்ணு முழிக்கறா. கதகதப்பாப் படுக்க வெச்சா மயங்கறா. இது என்ன காச்சல் சென்றாயா?”

ராசிபுரம் ரோட்டோரத்தில் ஒரு புளியமரத்தடியில் நின்றுகொண்டு என் அக்காவின் கணவர் அப்பாசாமி என்னிடம் இப்படிக் கேட்டார். நான் எட்டாவது வரை படித்துவிட்டு நின்றவன். சேந்தமங்கலம் பள்ளிக்கூடத்தில் காற்றைப் பற்றியும் வெப்பத்தைப் பற்றியும் பாடம் நடத்தினார்கள். பரீட்சையில் நன்றாகவே எழுதினேன். ஆனால் மாமா கேட்ட கேள்வி அந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. “காச்சல் முத்திருச்சோ என்னமோ மாமா” என்றேன்.

அது 1940 மார்கழி. இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நடந்தது புரிய வேண்டுமானால் முதலில் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் எங்களைப் போலவே கொல்லிமலையில் குண்டனி நாட்டுக்காரர். சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். மலைக்கு மோட்டார் பாதை கிடையாது. மிளகு மூட்டையைத் தலையில் சுமந்து காரவள்ளி அடிவாரத்துக்கு இறக்கித்தான் விற்க வேண்டும். அங்கே செங்கோடன் என்பவரின் மிளகு மண்டி இருக்கிறது. எடை போடும்வரை மற்ற சுமைகாரர்கள் நிழலில் படுத்துத் தூங்குவார்கள். மாமா மட்டும் மண்டி வாசலில் நிற்கும் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டே இருப்பார். லாரி டிரைவர் காலால் தட்டி எழுப்பியிருக்கிறார். பிறகு வண்டி கழுவச் சொன்னார், பிறகு இன்ஜினைக் கிளப்பக் கைப்பிடி சுற்றச் சொன்னார், பிறகு ஓட்டவும் விட்டார். கடைசியில் சேலத்துக்குப் போய் லைசென்சும் வாங்கி வந்துவிட்டார் மாமா.

மலையில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “ஓட்டறதுக்கு இங்க ஒரு முழம் ரோடு இல்ல, இவனுக்கு டிரைவர் வேல” என்று சிரித்தார்கள். அவர் காக்கிச் சட்டையோடு மலையேறி வரும்போது எங்கள் சின்னம்மா முனியாயி வழியிலேயே நிறுத்திக் கேட்பார்.

“ஏனுங்க மருமகனே, வண்டிய எங்க கட்டிப் போட்டுட்டு வந்தீங்க? புல்லு போட்டீங்களா?”

“தண்ணி மட்டும் காட்டிட்டு வந்தேனுங்க அத்த” என்பார் மாமா.

மண்டிக்காரர் செங்கோடன் போன வருஷம் ஒரு பழைய கார் வாங்கி, மாமாவை அதற்கு டிரைவராக வைத்துக்கொண்டார். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை ஊருக்குத் திரும்பும்போது விற்றது. மேலே கித்தான் கூரை. பின் சீட்டில் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். அதில் ஒரு விசேஷம், குளிருக்குச் சூடு கொடுக்கிற ஒரு தகரப்பெட்டி. மாமா அதைச் சூட்டுப்பெட்டி என்பார்.

அது வேலை செய்யும் விதத்தை ஒருநாள் என்னையும் வண்டிக்கு அடியில் படுக்க வைத்துக் காட்டினார். இன்ஜின் புகை ஓர் இரும்புக் குழாய் வழியாக வண்டியின் வால் பக்கம் வெளியே போகிறது. அந்தக் குழாய் கொதிக்கும். குழாயைச் சுற்றி ஒரு தகரப்பெட்டி. வண்டி ஓடும்போது முன்னாலிருந்து காற்று அந்தப் பெட்டிக்குள் புகுந்து, குழாயில் பட்டுச் சூடாகி, பின் சீட்டுக்காரர்களின் காலடியில் இருக்கும் ஓட்டை வழியாக மேலே வரும். ஓட்டைக்கு ஒரு மூடி. புகை குழாய்க்கு உள்ளே, காற்று குழாய்க்கு வெளியே. இரண்டும் கலக்கக் கூடாது. கலந்தால் என்ன ஆகும் என்று நான் அவரைக் கேட்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை.

அந்தப் பெட்டியில் சூடு நிற்காது. கொஞ்ச தூரம் கதகதப்பாக வரும், பிறகு சில்லென்று ஆகிவிடும். செங்கோடனுக்கு இது பெரிய குறை.

“ஏன்டா அப்பாசாமி, துரை காலு மட்டும்தான் காலா? எனக்கு ஏன்டா குளுருது?”

மாமா ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலில் மூடியின் கீல் தளர்ந்து பாதி மூடிக்கொள்வதைக் கண்டுபிடித்து, திறந்தே நிற்கும்படி கம்பி போட்டுக் கட்டினார். சூடு இன்னும் கொஞ்சம் தூரம் நின்றது, அவ்வளவுதான். பிறகு பெட்டியின் பக்கவாட்டில் தகரம் விரிந்திருப்பதைப் பார்த்தார். சூடேறாத பச்சைக் காற்று அதன் வழியாகப் புகுகிறது என்று அதைத் தட்டி அடைத்தார். அதற்கும் முழுசாகச் சரியாகவில்லை. மேடு ஏறும்போது சூடு, இறக்கத்தில் குளிர்.

கடைசியாக அவர் நினைத்தது எங்கள் மலை வீடுகளை. மார்கழியில் சமையல் முடிந்ததும் நாங்கள் கதவைச் சாத்தி, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்துகளில் சாக்கைச் செருகிவிடுவோம். அடுப்பின் சூடு விடியும்வரை வீட்டுக்குள்ளேயே இருக்கும். காரிலும் சூடு புகையோடு சேர்ந்து வால் பக்கம் ஓடிப்போகிறது, அதைக் கொஞ்சம் மறித்தால் போதும் என்று அவருக்குப் பட்டது. குழாயின் வாயில் ஒரு இரும்புத் தகட்டைச் செருகிப் பாதியை அடைத்தார். பின் சீட்டைச் சுற்றியிருந்த இடுக்குகளில் சாக்குத் துணியைத் திணித்தார். எங்கள் வீட்டுக் கூரை புல். அது மூச்சு விடும் என்பதை நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

சூடு நின்றது. செங்கோடன் சந்தைவரை போய் வந்து இறங்கினார். “நெத்தி கொஞ்சம் வலிக்குது. ஆனா காலு நல்லா கதகதன்னு இருந்துச்சுடா” என்று மாமாவின் தோளில் தட்டினார். மாமா அந்த வாரம் மலையேறி வந்தபோது அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். வண்டி முன்போல் இழுக்கவில்லை என்பதையும் சொன்னார். பெட்ரோல் சரியில்லை என்று நினைத்தாராம்.

என் அக்கா பாப்பாத்தி கார்த்திகையில் மாமாவோடு அடிவாரத்தில் சில நாள் தங்கியிருந்தார். அங்கே குளிர்காய்ச்சல் பிடித்துக்கொண்டது. மலைக்குத் திரும்பியும் விடவில்லை. கொய்னா மாத்திரை கொடுத்தோம். மார்கழியில் அக்கா நடுங்கும்போது படுத்திருந்த கட்டிலே ஆடும். சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் பிழைக்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மூங்கிலில் கம்பளியைக் கட்டி டோலியாக்கி, அதில் அக்காவைப் படுக்கவைத்து மலையிறக்கினோம்.

அடிவாரத்தில் தூறல். செங்கோடன் தானாகவே சாவியை எடுத்துக் கொடுத்தார். “சூட்டுப்பெட்டி இருக்குதில்ல, புள்ளைக்குக் குளுராது. போடா” என்றார்.

முனியாயி சின்னம்மா பின் சீட்டில் உட்கார்ந்து அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். சேலத்தில் எங்களைத் தங்கவைக்கப் போகிற சொந்தக்காரருக்காக ஒரு கோழியைக் காலைக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அதையும் காலடியில், சூடு வருகிற ஓட்டைக்குப் பக்கத்தில் போட்டார். “அதுவும் உசுருதான, குளுராதா?” என்றார். கித்தான் கூரையை மாமா இறுக்கிக் கட்டினார். முன்பக்கத்துக் காற்று பின்னால் போகாமல் இருக்க நடுவில் ஒரு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டார். நானும் அவரும் முன்னால். டிரைவர் கையை வெளியே நீட்டி வழி காட்ட வேண்டும் என்பதால் அவர் பக்கம் திறந்தே இருந்தது. எங்களுக்குத் தூறல் அடித்தது.

சின்னம்மாவின் பேச்சு ஜமுக்காளத்தைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது.

“ஏனுங்க மருமகனே, மோட்டாரு வாடை கொடலப் புடுங்குதே.”

“மோட்டாருன்னா மோட்டாரு வாடைதானுங்க அடிக்கும் அத்த.”

“எம்பட கோழி வாடையே தேவலாம் போங்க. கண்ணு பாப்பாத்தி, குளுருதா சாமி?”

“இல்ல சின்னம்மா. சொகமா இருக்குது” என்றார் அக்கா. நடுக்கம் நின்றிருந்தது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் அக்கா தலை வெடிக்கிறது என்றார். வாந்தி எடுத்தார். பிறகு கூப்பிட்டால் பதில் இல்லை. ராசிபுரம் ரோட்டில் ஒரு கிணற்றருகே வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியபோது அவரைத் தூக்கி வந்து புளியமரத்தடியில் படுக்கவைத்தோம். காற்றுப்பட்டதும் மெல்லக் கண் திறந்தார். உதடு சிவந்திருந்தது.

“பாருங்க, சூடு பட்டதும் மூஞ்சில ரத்தம் ஊறிருச்சு” என்றார் சின்னம்மா. இறங்கும்போது அவருக்கே கால் தடுமாறியது. மரத்துப்போய்விட்டது என்றார். அப்போதுதான் மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் காய்ச்சல் என்றேன். அக்காவுக்கு மறுபடி குளிர் எடுத்தது. அவசரமாக வண்டிக்குள் ஏற்றி, கூரையை இன்னும் இறுக்கிக் கட்டினோம்.

ராசிபுரம் தாண்டியதும் பின்னால் சத்தம் இல்லை.

“அத்தை தூங்கிட்டாங்க. ரோட்டுக்கே காது ஓஞ்சுது” என்றார் மாமா. நான் சிரித்தேன். இன்னும் கொஞ்ச தூரம் போனோம். மாமா சிரிப்பை நிறுத்தினார்.

“உங்க சின்னம்மா தூக்கத்துலயும் பேசுவாங்கல்ல?”

“ஆமாங்க மாமா.”

“அத்த” என்று கூப்பிட்டார். இன்னொரு தடவை சத்தமாகக் கூப்பிட்டார். பிறகு வண்டியை நிறுத்தி ஜமுக்காளத்தை விலக்கினார்.

இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். சின்னம்மாவின் வாய் திறந்து வெற்றிலைச் சாறு கழுத்தில் வழிந்திருந்தது. அக்காவைத் தொட்டால் உடம்பு சூடாக இருந்தது, ஆனால் தலை துணிபோலத் தொங்கியது. அவர்களை வெளியே இழுத்துப் போட்டோம். பேய் பிடித்ததோ என்று நினைத்தேன். எட்டாவது படித்தவன் அப்படித்தான் நினைத்தேன்.

மாமா வண்டிக்குள் குனிந்து கோழியைக் காலோடு தூக்கினார். அது செத்திருந்தது.

“இதுக்கு என்ன காச்சல்?” என்றார்.

ஓட்டைக்கு நேராக முகத்தை வைத்து ஒரு மூச்சு இழுத்தார். இருமிக்கொண்டே நிமிர்ந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். ஓடிப்போய் வண்டியின் வால் பக்கத்தில் தான் செருகிய தகட்டை வெறும் கையால் பிடுங்கினார். உள்ளங்கைத் தோல் தகட்டிலேயே ஒட்டிக்கொண்டது. பிறகு என் இடுப்பிலிருந்த கொடுவாளை உருவிக் கித்தான் கூரையைக் கிழித்தார்.

“மொதலாளி வண்டிங்க மாமா.”

“சொல்லிக்கறேன். நீ ஓட்டையில கல்ல வெச்சு அடை.”

சின்னம்மாவுக்குத் தூறல் பட்டு நினைவு வந்தது. வாந்தி எடுத்துவிட்டு, “கோழி எங்கடா?” என்றார். அக்காவுக்கு வரவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. கூரையில்லாத காரில், மழை அக்காவின் முகத்தில் விழ, தோல் உரிந்த கையால் மாமா சேலம்வரை ஓட்டினார். அந்த வழி முழுவதும் சின்னம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு மாமா ஒளிக்காமல் பதில் சொன்னார். மோட்டார் புகையில் ஒரு விஷவாயு இருக்கிறது என்றார் டாக்டர். கண்ணுக்குத் தெரியாது, அதற்கென்று வாடையும் கிடையாது, ரத்தத்தில் கலந்து நல்ல காற்றுக்கு இடம் இல்லாமல் செய்துவிடும். பெட்டிக்குள் இருக்கும் குழாயில் துரு ஓட்டை இருந்திருக்கும், வாயை மறித்ததும் புகை அந்த வழியாகப் பெட்டிக்குள் வந்திருக்கும் என்றார். பிறகு பிரித்துப் பார்த்தபோது அப்படியேதான் இருந்தது. என் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை.

மாமா ஆஸ்பத்திரிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். “நானே படுக்க வெச்சு, நானே இறுக்கிக் கட்டி” என்று ஆரம்பிப்பார். அந்தப் பேச்சை அவரால் முடிக்க முடியவில்லை.

மறுநாள் மாலை அக்கா கண் திறந்தார். மாமாவைப் பார்த்து, “இவரு யாரு சென்றாயா?” என்று என்னைக் கேட்டார். மாமா வெளியே போய்விட்டார். சில நாளில் அக்கா எல்லோரையும் அடையாளம் தெரிந்துகொண்டார், காய்ச்சலும் ஊசியில் விட்டது. இன்றைக்கும் சில சமயம் கையில் எடுத்த பொருளை எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் நிற்கிறார். அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால் அவருக்கு ஞாபகம் இருப்பது ஒன்றுதான். “அந்தச் சூடு எவ்வளவு சொகமா இருந்துச்சு தெரியுமா” என்கிறார். வலித்திருந்தால் கத்தியிருப்பார். யாருக்கும் வலிக்கவில்லை.

செங்கோடன் கிழிந்த கூரையைப் பார்த்துத் திட்டத்தான் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் மனைவி ருக்குமணியும் பிள்ளைகளும் அந்த வாரம் அதே காரில் ஏற்காடு போவதாக இருந்தது. சூட்டுப்பெட்டியைக் குழாயோடு கழற்றச் சொல்லிவிட்டார்.

அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். ஒரு மாதம் கழித்து, பெட்டியை உடைத்துப் போடலாம் என்று மாமா மண்டியில் தேடினார். இல்லை.

“அதையா? பழைய இரும்போட சந்தையில குடுத்துட்டேன்டா” என்றார் செங்கோடன். “ஆத்தூர்ப் பக்கத்து ஆளு ஒருத்தரு, தன்கிட்டயும் மோட்டார் இருக்குது, இந்தப் பெட்டி பொருந்தும்னு ஆசையா வாங்கிட்டுப் போனாரு.”

“ஓட்டை இருக்குதுன்னு சொன்னீங்களா மொதலாளி?”

“கழட்டிட்டா வெறும் தகரம்னு நெனச்சேன்டா அப்பாசாமி.”

மாமாவின் முகம் அப்போது வெளுத்ததுபோல் ஆஸ்பத்திரியில்கூட வெளுக்கவில்லை. அன்றிலிருந்து லீவு கிடைக்கிற நாளெல்லாம் ஆத்தூர், தம்மம்பட்டி, வாழப்பாடி என்று சந்தை சந்தையாகப் போய், கார் வைத்திருக்கிறவர்களை நிறுத்தி விசாரிக்கிறார். சிலர் பைத்தியம் என்று விரட்டுகிறார்கள். நானும் கூடப் போகிறேன். இதுவரை ஆள் கிடைக்கவில்லை. இப்போது ஐப்பசி. அடுத்த மாதம் பனி இறங்கினால் அந்த மனிதர் பெட்டியின் மூடியைத் திறப்பார்.

எங்கள் இரண்டு பேர் கால்களால் எல்லா ஊருக்கும் போக முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் தயவுசெய்து இதைத் தெரிந்த டிரைவரிடமும், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடமும், சந்தையில் பேச்சுக் கொடுக்கிறவரிடமும் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். யார் வாய் வழியாகவாவது அந்த ஆத்தூர்க்காரர் காதில் இது விழ வேண்டும்.